காயல் பக்கம் திரும்பிய நாற்காலி

1

இந்தப் பங்குனியோடு நான் மட்டாஞ்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. என் மனைவிக்கு அது நினைவில்லை. மகளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் மறந்துதான் போயிருக்கும். ஆனால் அதே வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே இருந்த தாளில் என் பெயரும், அதன் கீழே ‘பணியில் சேர்ந்த ஆண்டு 1974’ என்றும் தட்டச்சு செய்திருந்ததைப் பார்த்துத்தான் விரல் விட்டு எண்ணினேன்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், பொருள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அதனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்வியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கு மேற்பார்வைக்குப் பத்துல மூணுதான் இட்டிருக்கு. எனக்குக் கணக்குலகூட இதைவிடக் கூடுதல் கிட்டும்.”

மூன்று மதிப்பெண்ணுக்குக் காரணமும் எழுதியிருந்தது. ‘தொழிலாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். வேலை நேரத்தில் வெளியே வேடிக்கை பார்க்கிறார்.’ ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் இந்த வேலை வேறு ஒருவருக்குப் போகும்.

அப்படிப் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு அது பெரிய விஷயமில்லை, விருதுநகரில் ஏதாவது ஒரு கிடங்கு என்னைச் சேர்த்துக்கொள்ளும். செல்வியை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? அடுத்த வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. மலையாளத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிறாள். தமிழில் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அந்த உறையை வைத்துக்கொண்டு நான் பயந்தது அவளுக்காகத்தான்.

2

இந்த ஊரில் படிவம் என்றால் என்ன என்பதை நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்லிப் புரியவைக்கிறேன்.

வந்த புதிதில் ரேஷன் கார்டுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தேன். விருதுநகர் கார்டை ஒப்படைத்த சான்றிதழ் கேட்டார்கள், கொண்டுவந்தேன். அது தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார்கள், அதையும் செய்தேன். கடைசியில் படிவத்தில் ஒரு கட்டத்தில் வந்து நின்றது. வீட்டுப் பெயர்.

“வீட்டுப் பேரு எந்தா?” என்றார் எழுத்தர்.

“வீட்டுக்குப் பேரெல்லாம் கிடையாது சார், கதவு நம்பர்தான்.”

“பேரில்லாத்த வீடு உண்டோ?” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டார். அவரும் இல்லை என்று தலையாட்டினார். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை போனபோது வெயிலும் கோபமும் சேர்ந்து, “விருதுநகர்” என்று சொல்லிவிட்டேன். எழுத்தர் நிம்மதியாக அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து என் வீட்டுப் பெயர் விருதுநகர். செல்வியின் பள்ளிப் பதிவிலும் அதுதான். அவள் சிநேகிதிகள் சிலர் அது மட்டாஞ்சேரியில் எங்கேயோ இருக்கும் ஒரு பழைய தறவாட்டு வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிவத்தில் கட்டம் இருந்தால் அதை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும். கட்டம் இல்லாத விஷயம் உலகத்திலேயே இல்லை. இதை நான் தாலுகா அலுவலகத்தைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. நானே ஒரு காலத்தில் கட்டம் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

பாஷையும் இப்படித்தான் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வந்த இரண்டாம் வருடம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ‘மாதம் ஒரு கடிதம் மதி’ என்று எழுதியிருக்கிறேன். போதும் என்று இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பதில் கடிதத்தின் ஓரத்தில் அண்ணி தன் கையெழுத்தில் கேட்டிருந்தார்: ‘யார் அந்த மதி?’ என் மனைவிக்கு அதை விளக்கி முடிக்க ஒரு வாரம் ஆனது.

3

எங்களுடையது சுக்குக் கிடங்கு. முன்வாசல் பஜார் ரோட்டில், பின்வாசல் காயலில். நடுவில் சிமென்டு பூசிய பெரிய முற்றம். மலையிலிருந்து லாரியில் வரும் சுக்கை முற்றத்தில் பரப்பி இன்னொரு தடவை நன்றாகக் காயவைப்போம். முற்றத்தை ஒட்டிய நீளமான கொட்டகையில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, புழு அரித்ததையும் கறுத்ததையும் ஒதுக்கி, நல்லதைத் தரம் பிரித்துக் கூடையில் போடுவார்கள். கூடை மூட்டையாகும், மூட்டை படகில் ஏறி எதிரே தெரியும் வெலிங்டன் தீவுக்குப் போய்க் கப்பல் ஏறும். இதையெல்லாம் மேற்பார்ப்பது என் வேலை. முதலாளி குஜராத்திக்காரர். சேட்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்தப் பெண்கள் என்னை நேரில் ‘சாரே’ என்றும், நான் அந்தப் பக்கம் போனதும் ‘அண்ணாச்சி’ என்றும் சொல்வார்கள்.

இதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் வத்தல் கிடங்கு. விருதுநகரில் மிளகாய் வத்தலை வெட்டவெளியில் கொட்டிப் பரப்பினால் பத்து நாளானாலும் அப்படியே கிடக்கும். மேலே ஒரு துணி போர்த்த மாட்டோம். வானத்தை யாரும் பார்க்க மாட்டோம். பார்த்தாலும் ஏதாவது ஒரு மேகம் கண்ணில் படாதா என்ற ஆசையில்தான். அங்கே கணக்குப்பிள்ளையின் நாற்காலி எப்போதும் ஆட்களைப் பார்த்துத்தான் இருக்கும். ஆள் அசந்தால் வேலை கெடும், வேறு எதனாலும் கெடாது. அந்த நாற்காலியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மட்டாஞ்சேரியில் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்துக்கும் காயலுக்கும் முதுகு, இருபத்திரண்டு பெண்களுக்கு முகம்.

எழுபத்தெட்டாம் வருடம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. மூன்று பேரைக் குறைக்க வேண்டும் என்றார் சேட்டு. “யாரை வேணாலும் எடு. ஆனா காரணம் வேணும். யூனியன்காரன் வந்து கேட்டா காட்டணும்.”

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மூன்று கட்டம் போட்டேன். வந்த நேரம், பிரித்த கூடை, இடத்தை விட்டு எழுந்த தடவை. மாசி மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதினேன். யாருடைய மூஞ்சியையும் பார்க்காமல் எழுதினேன் என்று எனக்கு ஒரே பெருமை. சேட்டு புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். யூனியன் செயலாளர் கட்டம் கட்டமாகப் பார்த்துவிட்டு, ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, இதுபோல எல்லாக் கிடங்கிலும் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார். முதலாளியும் யூனியனும் ஒரே நாளில் பாராட்டிய நோட்டு இந்தக் கடைத்தெருவிலேயே என்னுடையது ஒன்றுதான் இருக்கும்.

4

அந்த நோட்டில் கடைசியில் நின்றவர்களில் ஒருவர் ஆமினாத்தா.

ஆமினா என்பது பெயர். அக்கா என்பதை இங்குள்ள முஸ்லிம்கள் இத்தா என்பார்கள், அதனால் ஆமினாத்தா. பள்ளுருத்தியிலிருந்து வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பே வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். வரிசையில் தமிழ் பேசும் ஒரே ஆள் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், “சாரு ஊண் கழிச்சாச்சா?” என்று சாப்பிட்டதைப் பற்றி அவர் கேட்டதுதான் இந்த ஊரில் என் காதில் விழுந்த முதல் தமிழ். அது முழுத் தமிழ் இல்லைதான். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வரிசையின் கடைசியில், காயல் வாசலை ஒட்டி உட்காருவார். நல்ல வேலைக்காரிகள் நாளைக்குப் பதினான்கு கூடை பிரித்தால் இவர் பதினொன்று. எழுந்த தடவை மற்றவர்களுக்கு மூன்று, நான்கு. இவருக்கு ஒன்பது, பத்து. எழுவார், வாசல் வரை போவார், நிற்பார், திரும்பி வந்து உட்காருவார். வெற்றிலை துப்பப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியும் இல்லை.

ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டேன். “ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எதுக்கு எந்திரிக்கிறீங்க?”

முறத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். “மழை வந்தாலோ, சாரே?”

மாசி மாதம். வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மழை வரலையே என்றேன். அவர் அடுத்த பிடிச் சுக்கை முறத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே, நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, ‘விளக்கம் கேட்கப்பட்டது. மறுமொழி ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று அதை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கடைசி மூன்று இடத்தில் நாலு பேர் ஏறக்குறைய ஒரே கணக்கில் நின்றார்கள். ஒருவரை விட்டுவிடலாம். தமிழ்க்காரி என்பதால் அண்ணாச்சி விட்டுவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஆமினாத்தாவை எழுதினேன். நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்த காரியம் அது. பங்குனி கடைசியோடு மூன்று பேரும் நின்றார்கள். மற்ற இரண்டு பேரும் அழுதார்கள். ஆமினாத்தா தன் முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

5

விஷு கழிந்த நாலாவது நாள். முற்றம் நிறையச் சுக்கு. இன்னும் ஒரு வெயில் காய்ந்தால் மூட்டை கட்டலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரை நிறுத்திய பிறகு அந்த நோட்டுக்கு வந்த மரியாதையே தனி. பத்தொன்பது தலையும் குனிந்தே இருக்கும். அன்று காலையிலிருந்து ஒருத்தர்கூட இடத்தை விட்டு எழவில்லை. மூன்றாவது கட்டம் முழுக்கப் பூஜ்யம். நான் எழுத ஆரம்பித்த பிறகு வந்த மிக நல்ல நாள் அதுதான்.

கொட்டகைக்குள் வெளிச்சம் மங்கியது எனக்குத் தெரிந்தது. கண் சொக்குகிறது என்று நினைத்தேன். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைக் கையில் எடுத்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள். கோடை மழை இங்கே கிழக்கிலிருந்து வரும், வெலிங்டன் தீவின் கிடங்குக் கூரைகளுக்கு மேல் கறுத்துவிட்டுத்தான் நம் பக்கம் திரும்பும். கிழக்கு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முதல் துளி தகரத்தில் விழுந்த சத்தத்துக்கு நான் எழுந்தேன். நான் எழுந்த பிறகுதான் அவர்கள் எழுந்தார்கள். படுதாவை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வருவதற்குள் தண்ணீர் சுக்குக்கு நடுவில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் வழுக்கி விழுந்ததில் முழங்கை கிழிந்தது. பத்தொன்பது பெண்களும் நனைந்துகொண்டே பலகையால் தள்ளிக் குவித்தார்கள். எதற்கும் பிரயோஜனமில்லை. நனைந்த சுக்கு அடுத்த நாளே பூஞ்சணம் பூக்கத் தொடங்கிவிடும், பிறகு கப்பலுக்கு ஆகாது.

சாயங்காலம் சேட்டு வந்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்து ஒடித்தார், முகர்ந்து பார்த்தார், கீழே போட்டார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

“உன் புஸ்தகம் நனைஞ்சுதா?” என்றார்.

“இல்லை.”

“நல்லது. அதையாவது பத்திரமா வெச்சிருக்கே.”

அவர் போன பிறகு, யார் மழையைப் பார்த்துச் சொல்வது வழக்கம் என்று கேட்டேன். ஒரு பெண், காலியாக இருந்த வாசலோர இடத்தைக் கண்ணால் காட்டினாள். ஆமினாத்தா எழுந்து வாசலில் நின்று திரும்பாமல் முற்றத்தில் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்களாம். நான் வந்த நாலு வருடத்தில் எத்தனையோ தடவை அப்படி நடந்து, நானும் கூடவே ஓடிப் படுதா இழுத்திருக்கிறேன். யார் முதலில் எழுந்தது என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அன்றைக்கு மழை வந்தது, எல்லோரும் ஓடினோம் என்றுதான் என் மனதில் இருந்தது. எழுந்ததை மட்டும் எண்ணியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

6

பள்ளுருத்தியில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வீட்டில் இல்லை, இறால் உரிக்கும் கொட்டகையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனேன். ஐஸ் தண்ணீரில் கை ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார்.

“சேட்டு கூப்பிடுறாரு. திரும்பி வரணுமாம்” என்றேன்.

“சேட்டு விளிச்சாரா, சாரு விளிச்சீங்களா?”

“நான்தான்.”

“சுக்கு நனைஞ்ச வர்த்தமானம் இங்கயும் வந்துது” என்றார். பிறகு, கோபமே இல்லாமல், சமையல் விஷயம் சொல்வதுபோலச் சொன்னார். “என்னை எழுதினா சண்டைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு சாருக்குத் தெரியும். தமிழ்க்காரங்களும் வரமாட்டாங்க, மலையாளிகளும் வரமாட்டாங்க. அதுனாலதானே?”

நியாயம் என்ற பெயருக்கு அடியில் நான் பூட்டி வைத்திருந்ததை அவர் இறால் கொட்டகை வாசலில் திறந்து வைத்துவிட்டார். தப்பாப் போச்சு என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

“நான் வரேன் சாரே. இந்த ஐஸ் எனக்குப் பிடிக்கலை. ஆனா இனி இடத்தை விட்டு நான் எணீக்க மாட்டேன். எணீச்சா கூடை குறையுது, கூடை குறைஞ்சா சாரு எழுதுறீங்க. அது என் ஜோலி இல்ல. சாரோட ஜோலி.”

“நான் என்ன செய்யணும்?”

“அந்தக் கசேரையைக் காயல் பக்கம் திரிச்சுப் போடுங்க. நாங்க சுக்கைப் பார்க்கறோம். சாரு வானத்தைப் பார்த்தா மதி.”

அடுத்த நாளே நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சேட்டு வந்து நாற்காலியையும் ஆமினாத்தாவையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நோட்டை வீட்டுப் பெட்டியின் அடியில் போட்டேன். இருபது பேர் என் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று முதல் ஒரு மாதம் எனக்கு உடம்பெல்லாம் கூசிக்கொண்டே இருந்தது. கூடை குறையவில்லை. ஆமினாத்தாவே பதினான்குக்கு வந்துவிட்டார். பிறகு ஆர்டர் கூடியதும் வரிசை மறுபடி இருபத்திரண்டு ஆனது. நான் எழுந்தால் நாற்காலி கிறீச்சென்று சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் எழுவார்கள். எட்டு வருடமாக எண்ணெய் போடாமல் வைத்திருக்கிறேன்.

7

சேட்டு போன வருடம் எல்லாவற்றையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் குஜராத்துக்குப் போய்விட்டார். சின்ன சேட்டு பம்பாயில் நிர்வாகப் படிப்பு படித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் கொட்டகைக்கு மின்விசிறி போட்டார், பெண்களுக்குக் குடிதண்ணீர் வைத்தார். கூடவே அச்சடித்த படிவமும் கொண்டுவந்தார். ஆறு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். என் நோட்டில் மூன்று கட்டம், அவருடையதில் ஆறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

உறை வந்த மூன்றாவது நாள் மத்தியானம் அவரே முற்றத்துக்கு வந்தார். சாயா வரவழைத்துக் கொடுத்தார். “பன்னிரண்டு வருஷம் இருந்த ஆள் நீங்க. எனக்கு உங்களை அனுப்பணும்னு இல்லை. ஏதாவது நியாயமா எழுதிக் கொடுங்க, நான் கோப்புல வெச்சுக்கறேன்” என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தீவின் கூரைகளுக்கு மேல் ஒரு கறுப்பு எழும்பியது. காற்று சட்டென்று நின்றது. நான் பாதிச் சாயாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். பேச்சில்லை, கேள்வியில்லை. பலகை, கூடை, படுதா. முற்றம் முழுவதும் மூடி, ஓரத்தில் கல் வைத்து முடிக்கும் வரை சின்ன சேட்டு சாயா டம்ளரோடு ஓரமாக நின்று பார்த்தார். அவர் கண்ணில் கொஞ்சம் ஆச்சரியம் இருந்ததை நான் பார்த்தேன். ஆஹா, இனி நான் எழுதவே வேண்டாம், மழையே எழுதிக் கொடுத்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

கறுப்பு அப்படியே வடக்கே நகர்ந்து வைப்பின் பக்கம் போய்விட்டது. எங்கள் முற்றத்தில் ஒரு பொட்டு விழவில்லை. பத்து நிமிடத்தில் வெயில் முன்பைவிட உறைப்பாக அடித்தது. சின்ன சேட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எல்லாவற்றையும் விரித்துப் பரப்புவதற்குள் மொத்தம் நாற்பது நிமிடம்.

“மழை வரலையே” என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரியாமல் சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திங்கட்கிழமை விளக்கத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பின்னால், வாசலோர இடத்திலிருந்து ஆமினாத்தாவின் குரல் வந்தது. முறத்தில் சுக்கு புரளும் சத்தம் நிற்கவில்லை.

“அன்னைக்கு சாரும் என்கிட்ட இதேதான் சொன்னது.”

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அதில் சந்தேகமில்லை. நானும் சிரித்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட்டு முடித்ததும் செல்வியை உட்காரவைத்தேன். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டு பக்கம் சொன்னேன். கோடை மழை எந்தத் திசையிலிருந்து வரும், சுக்கு எவ்வளவு நேரத்தில் கெடும், எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட முற்றம் நனைந்ததில்லை. எல்லாம் உண்மைதான். அவள் திருப்பி வாசித்துப் பொருள் சொன்னபோது, ஒரு பெரிய புத்திசாலியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்து நாற்காலியைத் திருப்பியதுபோல இருந்தது. ஆமினாத்தா அதில் எங்கேயும் இல்லை. அவரைச் சேர்க்க வேண்டுமானால் நோட்டைச் சேர்க்க வேண்டும், நான் எழுதியதைச் சேர்க்க வேண்டும்.

“இது வேண்டாம்மா, கிழிச்சுடு.”

“இத்ர நேரம் எழுதினதா?” என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம் முன்னால் வரும். இருந்தாலும் கிழித்தாள். புதுத் தாள் எடுத்தாள்.

ஒரே வரி சொன்னேன். அவள் எழுதிவிட்டு அடுத்த வரிக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“பின்னே?”

“அவ்வளவுதான்.”

தாளை எடுத்துப் பார்த்தாள். “மழை வந்தால்? இது மட்டுமா அப்பா? இதுக்குக் கையெழுத்து வேற போடணுமா?” என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேலையை வைத்து விளையாடுகிறேன் என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னவர் என்னைப்போல இரண்டு பக்கம் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தவர். கையெழுத்துப் போட்டேன்.

“இதுக்கு என்ன மறுபடி வரும் அப்பா?” என்றாள் செல்வி. பதிலுக்கு இங்கே மறுபடி என்பார்கள். இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்குமோ என்பதுதான் அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும்.

எழுந்து போய்ப் பெட்டியின் அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தேன். சேட்டு சொன்னதுபோல ஒரு மூலைகூட நனையாமல் பத்திரமாக இருந்தது. பக்கத்தைப் புரட்டி, ஆமினாத்தாவின் பெயருக்கு நேராக நான்காவது கட்டத்தில் விரலை வைத்து அவளிடம் கொடுத்தேன்.

தமிழ் என்பதால் மெல்லத்தான் வாசித்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்.

“ம... று... மொழி. ஏற்... ஏற்கத்... தக்கதாக... இல்லை.” நிமிர்ந்தாள். “இது யாரு எழுதினது?”

“கீழே கையெழுத்து இருக்கு, வாசி” என்றேன்.